மூணாவது மாடியிலிருந்து தனம் அக்காவுக்கு

என் ஆசை தனம் அக்காவுக்கு,

போன இடத்தில் உனக்கு முட்டிவலி இல்லாமல் இருக்கும் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் போய்க் கை நின்றுவிட்டது. நான் பொய் சொன்னால் நீ குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய். அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். நம் கீழ் வீடு போய்விட்டது அக்கா. நான் இப்போது மூணாவது மாடியில் இருக்கிறேன்.

"அடிப் பாவி, எப்படிடி ஏறினே?" என்றுதான் முதலில் கேட்பாய். வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் பேசாதே. உயிரோடு இருந்தபோதுதான் என்னை ஒரு பேச்சும் முடிக்க விட்டதில்லை.

இதை நாலு பேர் படிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன். நம் வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்லணுமா என்று கோபிக்காதே. நாம் எப்படி இருந்தோம் என்று ஊரில் யாருக்கும் எழுத்தில் தெரியாது என்பதால்தான் எனக்கு இந்தக் கதி. நீ மறந்திருக்க மாட்டாய், படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழசையும் சொல்கிறேன்.

முதலியார்பேட்டையில் அரசாங்கம் இந்த அடுக்குமாடியைக் கட்டி முடித்தபோது, வாய்க்கால் ஓரம் குடிசையில் இருந்தவர்கள், மில்லு மூடின பிறகு வாடகைக்கு வழியில்லாமல் போனவர்கள், வயசானவர்கள், என்னை மாதிரி சின்ன வயசிலேயே இளம்பிள்ளைவாதத்தில் கால் விளங்காமல் போனவர்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் குலுக்கல் போட்டார்கள். முடியாதவர்களுக்கெல்லாம் தரைத்தளம் என்றுதான் பேச்சு. ஆனால் தரைத்தளத்தில் இருந்த வீடு கொஞ்சம், முடியாதவர்கள் நிறைய. உனக்குத் தரை விழுந்தது. எனக்கு மூணாவது மாடி விழுந்தது.

"லிஃப்ட் வரப்போவுதும்மா, எடம் உட்டு கட்டியிருக்கோம் பாருங்க" என்று அழைத்துப்போய்க் காட்டினார்கள். இடம் விட்டுத்தான் கட்டியிருந்தார்கள். அந்த இடம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கீழே உடைந்த குடங்கள், மேலே புறா.

ஏறும்போது ஒரு கையில் ஊன்றுகட்டை, ஒரு கையில் கைப்பிடிச் சுவர். இறங்கும்போது அதுவும் முடியாது, உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாக வருவேன். அப்படி ஒருநாள் இறங்கி வந்தபோது, படிக்கு நேர் எதிரே உன் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாய்.

"யாருடி அது, படிய பாவாடையால தொடச்சிகினு வர்றது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "படிய கட்டினவன போய் கேளு" என்றேன்.

"வா, ரெண்டு பேருமா போய் கேக்கலாம். அதுக்கு முன்னால ஒரு டீ குடி."

டீ குடிக்க வந்தவள்தான் நான். முதலில் மத்தியானம் மட்டும் உன் வீட்டில் தலையைச் சாய்த்தேன். பிறகு மழை என்று ஒரு ராத்திரி தங்கினேன். அப்புறம் என் பாய் கீழே வந்தது, தையல் சாமான் வந்தது, மாதா படம் வந்தது. மேல் வீட்டைப் பூட்டினேன், அவ்வளவுதான். சாவி எங்கே என்றுகூட வருஷக்கணக்கில் தேடவில்லை.

மில்லில் நின்று நின்று உன் முட்டி தேய்ந்திருந்தது, கை தலைக்குமேல் உயராது. எனக்குக் கால் இல்லை, கை இருந்தது. நான் உனக்குத் தலை பின்னிவிடுவேன், நீ எனக்குக் குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவாய். "ரெண்டு பேரையும் பிரிச்சி மாட்டினா ஒரு உருப்படியான ஆளு தேறும்" என்பாய். மழைக்காலத்தில் கக்கூஸ் தண்ணீர் எதிர்த்து வந்து கூடம் முழுக்க நாறும்போதுகூட, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழுவுவாயே தவிர, இந்த வீட்டைக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குளிக்கிற இடத்துச் சுவரில் நான் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புப் பைப்பைப் பதிக்க வைத்தாயே, அதுதான் எனக்கு இந்த உலகத்தில் யாரும் செய்த பெரிய உதவி. பிளம்பரிடம், "யானை புடிச்சி தொங்கினாலும் புடுங்கிக்கினு வரக்கூடாது" என்றாய். "யானைன்னு யார சொல்றே?" என்று நான் சண்டைக்கு வந்தேன். "என்னத்தான் சொன்னேன், உனக்கு ஏன் குத்துது?" என்றாய். வெள்ளிக்கிழமை உனக்குக் கவுச்சி ஆகாது, தவக்காலத்து வெள்ளி எனக்கும் ஆகாது. அந்த நாள் மட்டும்தான் சமையலில் நமக்குள் சண்டை வராது.

உனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் செத்து, சொந்தம் என்று ஒருத்தரும் வராமல், நம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரே கொள்ளி போட்டார் அல்லவா, அன்றைக்கு நீ சாப்பிடவே இல்லை. சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"பிலோ, தவளக்குப்பத்துல என் அண்ணன் பையன் இருக்கான். காதுகுத்துக்கு பத்திரிகை வெக்கலன்னு நான்தான் பேச்ச உட்டுட்டேன். இருந்தாலும் ரத்தம் ரத்தம்தான். எனக்கு ஒண்ணுன்னா அவனுக்கு சொல்லிடு. அநாதப் பொணமா என்ன அனுப்பிடாத."

"நான் இருக்கும்போது நீ எப்படி அநாதை ஆவே?" என்றேன்.

"நீ கொள்ளி போடுவியாடி?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பொம்பளை, அதுவும் கோயிலுக்குப் போகிற பொம்பளை இல்லை, சர்ச்சுக்குப் போகிறவள். என்னை யார் சுடுகாட்டுக்குள் விடப்போகிறார்கள்?

நீ போனது ஒரு காலையில். பல் விளக்கிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "ஒரு மாதிரி இருக்குடி" என்றாய். நான் கட்டையைத் தேடி எடுத்து உன்னிடம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கத்தினேன். மாடியெல்லாம் இறங்கி வந்தது.

அழுகை கொஞ்சம் அடங்கியதுமே எல்லோரும் கேட்டது ஒன்றுதான், யார் கொள்ளி? செயலாளர் வந்து, "கவலப்படாதீங்க பிலோக்கா, நானே போட்டுடறேன். தனம் அக்கா நமக்கு செய்யாததா?" என்றார். நல்ல மனுஷன். முதல் மாடி ரமணி என்னைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துப்போய்க் காதில் சொன்னாள்.

"அவரே போடட்டும் உடு. அந்தத் தவளக்குப்பத்தான கூப்டாத. சொந்தம்னு ஒருத்தன் வந்து நின்னா நாளைக்கு வீடும் அவனுக்குத்தான். நீ எங்க போவே?"

எனக்கு இது புரியாமல் இல்லை அக்கா. வீடு உன் பேரில் இருந்தது, நான் உனக்கு எந்தக் காகிதத்திலும் யாரும் இல்லை. ஆனால் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் காசு வைத்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கணக்குப் போடுவது? உன் போனை எடுத்து, நம்பரைத் தேடி, நானே அவனைக் கூப்பிட்டேன்.

குமரவேல் வந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறானாம், அந்த வண்டியிலேயே வந்து இறங்கி, "அத்த, அத்த" என்று உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நாடகம் இல்லை, எனக்குத் தெரியும். மொட்டை போட்டு, குடம் உடைத்து, ஒன்றையும் குறைவைக்காமல் எல்லாம் செய்தான். உன்னைத் தூக்கியபோது நான் வாசல் சரிவு வரைக்கும் வந்தேன். நமக்கென்று கட்டின அந்தச் சரிவில் எப்போதும்போல இரண்டு பைக் நின்றது. அதை நகர்த்த ஆள் தேடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. உன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை என்பது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்தில் இன்னொன்று நடந்தது. கொள்ளி போட்டவன் தலையில் சொந்தக்காரர்கள் புதுத்துண்டு கட்டவேண்டும் என்பது உங்கள் வழக்கம். அதைக் கட்டினால்தான் இனி இந்த வீட்டுக்கு ஆள் இவன் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். குமரவேலின் மாமனார் வீட்டிலிருந்து துண்டு வரவேண்டும், அவர்கள் வந்த பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. ஐயர் அவசரப்படுத்துகிறார், குமரவேல் ஈரவேட்டியோடு நிற்கிறான். யாருக்கும் கை ஓடவில்லை. நான்தான் ரமணியிடம் சொல்லி ஒரு துண்டு வாங்கிவர வைத்து, அவன் தலையில் கட்டச் சொன்னேன். அவள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அப்பா! உன் காரியம் பாதியில் நிற்கக்கூடாது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவன் தனியாக வந்தான். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான்.

"அத்த, ஒண்ணு சொல்லணும்." என்னையும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறான்.

"சொல்லுப்பா."

"அம்மாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துகிச்சி. மாடியில வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்காரரு காலி பண்ண சொல்லிட்டாரு. படுத்த படுக்கையா ஒருத்தர வெச்சிகினு இருக்கீங்க, நாளைக்கு வீட்டுல சாவு உழுந்துட்டா அப்புறம் எவன் குடி வருவான்றாரு. கீழ் வீடா தேடறேன், எவனும் தரமாட்றான். அத்த வீடு எனக்குத்தான் வரும்னு வீடு குடுத்த ஆபீஸ்ல சொன்னாங்க." தரையில் கிடந்த தையல் நூலைப் பொறுக்கினான். "உங்கள போகச் சொல்ல எனக்கு வாய் வரல அத்த."

"வரலன்னாலும் சொல்லிட்டியேப்பா" என்றேன்.

அவன் அழுதுவிட்டான். நீங்களும் எங்களோடு இருங்கள் என்றான். அவன், பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள், கட்டிலில் உன் அண்ணி. இருப்பது ஒரு கூடம், ஒரு அறை. நாம் இரண்டு பேர் படுத்தாலே உன் கால் என் தலையில் இடிக்கும். அவனே ஒருமுறை கண்ணால் கூடத்தை அளந்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அவன் ஒரு அயோக்கியனாக இருந்திருக்கக்கூடாதா அக்கா? குடித்துவிட்டு வந்து பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால், தெருவே கேட்கச் சாபம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். திட்டுவதற்குக்கூட எனக்கு ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஆபீசுக்கும் போனேன். அங்கிருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார், எழுந்து வந்து நாற்காலி போட்டார்.

"இறந்துபோனவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"கூடப் பிறந்தவங்களா?"

"இல்ல."

"பெரியம்மா பொண்ணா?"

"இல்லம்மா. கூட இருந்தேன்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கூட இருந்ததுக்கு எதுவும் பண்ண முடியாதேம்மா. அதுவும் இல்லாம உங்க பேர்ல ஏற்கெனவே வீடு இருக்கே? மூணாவது மாடி. ஒண்ணு இருக்கறப்ப இன்னொண்ணு எப்படிக் கேப்பீங்க?"

"எனக்கு மாடி ஏற வராதும்மா."

"லிஃப்ட் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று குரலிலேயே தெரிந்தது.

தரைத்தளத்தில் வேறு ஏதாவது வீடு காலியாகுமா என்று கேட்டேன். யாராவது இறந்தால்தான் காலியாகும், அதற்கும் எனக்கு முன்னால் நிறைய பேர் காத்திருக்கிறார்கள் என்றார். யோசித்துப் பார். தரைக்கு வர ஒருத்தர் சாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கட்டடத்தில் அப்படி எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ?

அதற்குப் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. கருவடிக்குப்பம் பக்கம் ஒரு கீழ் வீடு இருக்கிறது என்று ரமணியின் புருஷன் சொல்லி, அவர் வண்டியிலேயே போனேன். வீட்டுக்கார அம்மா என் கட்டையைப் பார்த்தாள், என் நரையைப் பார்த்தாள். "கூட யாரு இருப்பா?" என்றாள். யாருமில்லை என்றேன். "தப்பா நெனக்காதீங்க, உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க யாருக்கு சொல்லி உடறது?" என்றாள். அதே பயம்தான் உனக்கும் இருந்தது. உனக்குச் சொல்லிவிட ஒரு அண்ணன் பையன் இருந்தான், எனக்கு யாரும் இல்லை.

ஒரு முதியோர் இல்லத்தில் கேட்டேன். தன் வேலையைத் தானே செய்துகொண்டு நடமாடுகிறவர்களைத்தான் சேர்ப்போம் என்றார்கள். மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் கேட்டேன், இந்த வயசுக்குமேல் எடுப்பதில்லை என்றார்கள். கால் விளங்காமல் இருந்தால் வயசாகக்கூடாது, வயசானால் கால் விளங்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டது என் தப்பு போலிருக்கிறது. மாற்றுத்திறன் என்று அழகாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தத் திறனை வைத்து மாடி ஏறுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியில் மேல் வீட்டுச் சாவியைத் தேடி எடுத்தேன். ரமணி போய்ப் புறா எச்சத்தையெல்லாம் சுரண்டிக் கழுவிவிட்டு வந்தாள். சாமானை எல்லாம் குமரவேல் ஏற்றினான், அப்புறம் என்னையும் முதுகில் ஏற்றிக்கொண்டான்.

"கழுத்த நல்லா புடிச்சிகுங்க அத்த, பயப்படாதீங்க."

ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினான். அவன் சட்டை நனைந்து என் கன்னத்தில் ஒட்டியது. என்னை ஒரு சின்னப் பிள்ளை மாதிரி இறக்கி உட்காரவைத்துவிட்டு, "எப்ப கீழ வரணும்னாலும் ஒரு போன் அடிங்க" என்றான். மனசாரத்தான் சொன்னான். ஆனால் விடிகாலையில் கடலூருக்கு லோடு ஏற்றிப் போகிறவன் வீடு திரும்ப ராத்திரி ஆகிறது. அதற்குமேல் அவனைக் கூப்பிட்டு என்னை எங்கே கொண்டுபோகச் சொல்வது?

நானே இறங்கிப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்துதான். அப்போது தோளில் பலம் இருந்தது. இப்போது இத்தனை வருஷம் கட்டையை ஊன்றித் தோள்பட்டையும் தேய்ந்துவிட்டது. முதல் திருப்பத்தில் உட்கார்ந்தவளுக்கு மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. ரமணியும் அவள் புருஷனும் வந்து திரும்பத் தூக்கிக்கொண்டுவந்து விட்டார்கள். அதோடு சரி.

இங்கே நல்ல காற்று அக்கா. ஜன்னலில் நின்றால் மில்லுப் புகைக்கூண்டு தெரியும், தென்னைமரத்துத் தலையெல்லாம் நம் காலுக்குக் கீழே இருக்கும். பார்க்கிறவர்கள் கொடுத்துவைத்தவள் என்பார்கள். பால் பாக்கெட்டும் காய்கறியும் கயிற்றில் கட்டின பக்கெட்டில் ஏறி வருகின்றன. கான்வென்ட் சிஸ்டர்கள் நான் தைக்க எம்பிராய்டரித் துணி கொடுத்தனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை. மாடி என்றதும் எல்லோருக்கும் அடுத்த வாரம் ஆகிவிடுகிறது.

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போவதில்லை. மாசம் ஒருதரம் சர்ச்சுச் சாமியார் இங்கேயே நன்மை அப்பம் கொண்டுவந்து கொடுக்கிறார். நோயாளிகள் வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை சாமி, மாடிதான் என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

எதிர்க் கட்டடத்து நாலாவது மாடியில் ஒரு தாத்தா இருக்கிறார். அவரும் கீழே வந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலமானால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் கை ஆட்டினார், நானும் ஆட்டினேன். பேர் தெரியாது, கத்தினாலும் கேட்காத தூரம். அவருக்கு முன்னால் நான் போனால் அவருக்கு யார் சொல்வார்கள்?

கீழே உன் அண்ணி வந்துவிட்டார்கள். நீ பதிக்க வைத்த பைப்பைப் பிடித்துக்கொண்டு இப்போது தானாகவே எழுந்து நிற்கிறார்களாம், குமரவேல் பெண்டாட்டி பக்கெட்டில் கீரை அனுப்பும்போது சத்தம் போட்டுச் சொன்னாள். சந்தோஷப்படவேண்டிய செய்தி. பட்டேன். ஜன்னலை மூடிவிட்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு அப்புறம் பட்டேன்.

நேற்று ரமணி குழம்பு கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் வாசற்படியில் நின்றாள்.

"அன்னிக்கே சொன்னேன், கேட்டியா? அந்த ஒரு போன் போடாம இருந்திருந்தா இன்னிக்கு கீழயே இருந்திருப்பே."

அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். யாரும் கேட்டு வராதவரைக்கும் ஆபீஸ்காரர்களும் பேசாமல் விட்டிருப்பார்கள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

லிஃப்ட் வரும், வீடு மாறும், உன் சாம்பலைக் கரைத்த கடலில் பூ போட ஒருநாள் கடற்கரைக்கு வருவேன் என்றெல்லாம் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இதில் எதையும் நான் நம்பவில்லை. இந்த வீட்டிலிருந்து நான் இறங்கப்போவது ஒரே ஒரு தடவைதான், அதுவும் நாலு பேர் தோளில் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். நீ இன்னொரு தரம் பிறந்து, இன்னொரு தரம் என் பக்கத்தில் உட்கார்ந்து செத்துப்போனாலும், ரமணி என்ன, ஊரே வந்து கையைப் பிடித்தாலும், முதல் போன் அவனுக்குத்தான் போடுவேன். உன்னை யாருமில்லாதவளாக அனுப்ப மாட்டேன் அக்கா.

இப்படிக்கு,
ஆபீசில் எழுதிக்கொள்ளாத உன் தங்கச்சி
பிலோ